டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் சீக்கிரம் தேறுவதும் மற்றவருக்குத் தாமதமாவதும் ஏன்?

களக்காட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வாழைத்தார் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் அவருடைய அண்ணனுக்கு வயது 42. இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியதால் ஆறு வாரங்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எட்டு மாதமாக உயிரை எடுத்த கால் வலி மறுநாளே நின்றுவிட்டது. ஆனால் பாதத்தின் மேற்புறம் இன்னும் மரத்துக் கிடக்கிறது, கால் பெருவிரலைத் தூக்க வலு போதவில்லை, அரைமணி நேரம் உட்கார்ந்தால் குறுக்கு வலிக்கிறது. சர்க்கரை நோயும் பீடிப் பழக்கமும் உண்டு. எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரோ, வலி தொடங்கிய ஒன்றரை மாதத்திலேயே இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு, மூன்றாவது வாரம் கடைக்குப் போய்விட்டார். அண்ணனுக்கு மட்டும் எங்கே தவறு நடந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. மூன்று மாதம் கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று அம்மா சொல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தவறு நடந்ததற்கான அடையாளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கால் வலி மறுநாளே நின்றது என்றால் நரம்பின் மேலிருந்த அழுத்தம் விலகிவிட்டது என்று பொருள். அறுவை சிகிச்சை செய்து தர வேண்டிய காரியம் அதுதான். மிச்சமிருப்பது அந்த நரம்பும் தசைகளும் செய்ய வேண்டிய வேலை. அது எவ்வளவு காலத்தில் முடியும் என்பதை, அறுவைக்கு முன் அந்த நரம்பு எந்த நிலையில் இருந்தது என்பதும், வீடு திரும்பிய பிறகு உடலை எப்படிப் பழக்குகிறோம் என்பதும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பாளையங்கோட்டையில் இயன்முறை சிகிச்சை அளித்துவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் அண்ணனை நேரில் பார்த்துச் சோதித்தவர் அவருடைய அறுவை மருத்துவர். நான் சொல்வதும் அவர் சொல்வதும் எங்காவது மாறுபட்டால் அவர் சொல்லையே கேளுங்கள்.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். ஒவ்வொரு டிஸ்கும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே கூழ் போன்ற பகுதியும் கொண்டது. குனிந்து, திரும்பி, கனத்தைத் தூக்கும் வேலையில் அந்த வளையம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒரு நாள் கிழிந்து, உள்ளிருப்பது வெளியே பிதுங்குகிறது. இடுப்பில் ஏற்படும் பிதுக்கங்களில் நூற்றுக்கு 90-க்கு மேல் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் வருகின்றன. பிதுங்கிய டிஸ்க்தான் காலுக்கு இறங்கும் வலிக்குக் காரணம் என்பதை 1934-ல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரைதான் உலகறியச் செய்தது. 1977-க்குப் பிறகு நுண்ணோக்கியின் துணையோடு சிறு கீறலில் செய்யும் முறை பரவலாயிற்று. இன்றும் அடிப்படை அதுவே: நரம்பை அழுத்தும் துண்டையும், தளர்ந்து கிடக்கும் கூழையும் எடுத்துவிடுகிறார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை, கிழிந்த வளையத்தைப் புதிதாக்கித் தருவதுமில்லை. அந்தக் கிழிசல் தழும்பாக ஆறி மூடுவதற்கு வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களில்தான் கவனம் தேவைப்படுகிறது.

‘தேறுதல்’ என்று நாம் சொல்வதற்குள் நான்கு காரியங்கள் இருக்கின்றன, நான்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. முதலில் போவது கால் வலி; பலருக்கு மயக்கம் தெளியும்போதே அது குறைந்திருக்கும், சிலருக்கு நரம்பின் வீக்கம் வடிய சில வாரங்களாகும். அடுத்தது தசையின் வலு. இது வாரங்கள் முதல் மாதங்கள் வரை எடுக்கும். கடைசியில் வருவது உணர்ச்சி. மரத்த இடம் ஓராண்டு வரைகூட மெதுவாகத் தெளிந்துகொண்டிருக்கும், சிலருக்கு ஒரு சிறு பகுதி மரத்தே நின்றுவிடுவதும் உண்டு. நான்காவதான குறுக்கு வலி தனி வழியில் போகிறது, ஏனெனில் அது நரம்பின் வலி அன்று. நைந்த டிஸ்க், கீறப்பட்ட தசை, மாதக்கணக்கில் படுத்தும் சாய்ந்தும் இருந்ததால் சோர்ந்த முதுகு ஆகியவை சேர்ந்து தருவது. உங்கள் அண்ணனுக்கு முதலாவது நடந்துவிட்டது, மற்ற மூன்றும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆறாவது வாரத்தில் இது வழக்கத்துக்கு மாறானதன்று.

மரப்பு ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. அழுத்தம் பட்ட நரம்பிழைகளில் சிலவற்றுக்கு மேலுறை மட்டும் சேதமாகியிருக்கும். அவை சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ மறுபடி வேலை செய்யத் தொடங்கும். வேறு சில, உள்ளிழையே பட்டுப்போன நிலையில் இருக்கும். அவை மறுபடி வளர வேண்டும், வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த வகை இழை எத்தனை பட்டுப்போயிற்று என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அழுத்தம் எவ்வளவு கடுமையாக, எவ்வளவு காலம் இருந்தது என்பதே.

இங்கேதான் மளிகைக் கடைக்காரருக்கும் உங்கள் அண்ணனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நிற்கிறது. அவருக்கு ஒன்றரை மாதம், இவருக்கு எட்டு மாதம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடந்த ஸ்போர்ட் என்னும் பெரிய ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் வலியைச் சுமந்த பிறகு சிகிச்சைக்கு வந்தவர்கள், அதற்கு முன் வந்தவர்கள் அளவுக்குத் தேறவில்லை என்று தெரிந்தது. அதற்காக, காலம் கடந்து செய்த அறுவை வீண் என்று எண்ண வேண்டாம். கனடாவில், நான்கு முதல் பன்னிரண்டு மாதம் வரை கால் வலியால் அவதிப்பட்ட 128 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பத்துக்கு எத்தனை வலி என்ற கணக்கில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு 2.8 ஆகவும், மருந்தும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்களுக்கு 5.2 ஆகவும் இருந்தது. தாமதமாக வந்தாலும் பலன் உண்டு. வந்து சேரத்தான் கூடுதல் நாளாகும்.

நம் பகுதியில் இந்த எட்டு மாதம் எப்படிக் கழிகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ‘குறுக்குப் பிடிச்சிட்டு’ என்று முதலில் தைலம் தேய்ப்பார்கள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு நீவச் சொல்லிப் போவார்கள். தார் வெட்டு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். பெரும்பாலான டிஸ்க் பிதுக்கங்கள் கத்தி வைக்காமலே அடங்கிவிடும் என்பது உண்மை; நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உடனே அறுவை செய்தவர்களும் பொறுத்துப் பார்த்தவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவில், நூற்றுக்கு 95 பேர், தேறியிருந்தார்கள். ஆகவே காத்திருப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலில் வலு குறைந்துகொண்டே வரும்போது மருத்துவரிடம் காட்டாமல் நீவிக்கொண்டு காத்திருப்பது நரம்பைப் பறிகொடுக்கும் வழி. அந்த வேறுபாட்டை வீட்டிலுள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அறுவைக்கு முன்பே வலு எவ்வளவு குறைந்திருந்தது என்பதும் முக்கியம். தசை வலுவை நாங்கள் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடுவோம். பாதத்தை எதிர்ப்பில்லாமல் முழுதாகத் தூக்க முடிந்தால் மூன்று. கையால் அழுத்தியும் தாக்குப்பிடித்தால் நான்கு. மற்றக் காலைப்போலவே இருந்தால் ஐந்து. மூன்றுக்கு மேல் இருந்தவர்கள் பெரும்பாலும் நன்றாக மீள்கிறார்கள். தசை அசையவே இல்லை என்ற நிலையில் அறுவைக்கு வந்தவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. பெருவிரலைத் தூக்க வலு போதவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து ஓரளவு அசைவு இருப்பதாகத் தெரிகிறது, அது நல்ல செய்தி. சுவரைப் பிடித்தபடி குதிகாலால் மட்டும் நான்கு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இதைச் செய்து குறித்து வைத்தால், தேறுகிறதா இல்லையா என்ற சந்தேகம் தீரும். நாள்தோறும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரிவதில்லை.

சர்க்கரை நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது மூன்று வழிகளில் குறுக்கே நிற்கிறது: புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நரம்புக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்து அதன் மீளும் திறனைக் குறைக்கிறது. அண்ணனின் மரப்பில் எவ்வளவு டிஸ்கால் வந்தது, எவ்வளவு சர்க்கரையால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதும் அவசியம். ஒரே காலில், பாதத்தின் மேற்புறமும் பெருவிரல் பக்கமும் மட்டும் மரத்திருந்தால் அது அழுத்தப்பட்ட அந்த நரம்பின் வேலை. இரண்டு கால்களிலும் காலுறை போட்டாற்போலச் சுற்றிலும் மரத்து, அடிபாதம் எரிந்தால் சர்க்கரையின் பங்கு பெரிது. அது முதுகு அறுவையால் மாறாது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே எடுத்து, சர்க்கரை மருத்துவரிடம் காட்டிக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மரத்த காலோடு வாழைத் தோப்புச் சேற்றில் வெறுங்காலில் இறங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்; முள் குத்தியது தெரியாமலே புண் புரையோடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீடியும் அப்படித்தான். வளர்ந்த மனிதரின் டிஸ்குக்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டுகளின் வழியாகக் கசிந்து வரும் சத்தை நம்பியே அது பிழைக்கிறது. புகை அந்தக் கசிவைக் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு டிஸ்க் மறுபடி பிதுங்கும் வாய்ப்பும் வலி நீடிக்கும் வாய்ப்பும் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. சிகரெட்டைவிடப் பீடி சிறியது என்பதால் தீங்கும் சிறியது என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றிக் கிடக்கிறது, அது சரியன்று. இந்த மூன்று மாதமாவது விட்டுவிட்டால், அண்ணன் தன் உடம்புக்குத் தானே செய்துகொள்ளும் மிகப் பெரிய உதவியாக இருக்கும்.

பீடியைப் பற்றிப் பேசும்போது அதைச் சுற்றும் பெண்களை விட்டுவிட முடியாது, ஏனெனில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமிருந்து இதே அறுவைக்குப் பிறகு வருகிறவர்களில் பலர் அவர்கள்தாம். தரையில் ஒரு காலை மடக்கி, மடியில் சுளகை வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பி, உருட்டி, நூல் கட்டி முடிக்கும்வரை முதுகு வளைந்தே இருக்கும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் இடையில் எழுந்து நிமிரவும் மனம் வராது. அவர்களுக்குக் கனம் தூக்கும் ஆபத்தைவிட இந்த ஓயாத வளைவே பெரிய ஆபத்து. அறுவைக்குப் பிறகு சாய்மானமுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, சுளகை மார்பளவு உயரமுள்ள மேசையில் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவந்தால் பெரும்பாலோர் வேலையைத் தொடர முடிகிறது. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

அறுவையைப் பொறுத்த காரணங்களுக்கு வருகிறேன். தழும்பு சின்னதாக இருந்தால் சீக்கிரம் தேறலாம் என்று பலரும் நம்பி, எந்த முறையில் செய்தார்கள் என்றே கேட்கிறார்கள். 2009-ல் நெதர்லாந்து மருத்துவர்கள், குறுகிய குழாய் வழியாகச் செய்யும் முறையை வழக்கமான முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓராண்டு முடிவில் குழாய் முறை மேலானதாக இல்லை. கீறலின் நீளத்தைவிட, உள்ளே மருத்துவர் கண்டது என்ன என்பதற்கே எடை அதிகம். அமெரிக்க மருத்துவர் காரகீ 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: தனித்துண்டு பிதுங்கி, வளையத்தில் மெல்லிய வெடிப்பு மட்டும் இருந்தவர்களில் மறுபடி பிதுங்கியது நூற்றுக்கு ஒருவருக்கு, வளையத்தில் பெரிய ஓட்டை இருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு. ஆகவே அடுத்த முறை போகும்போது, கிழிசல் பெரிதா சிறிதா, நரம்பின் மேலுறையில் ஏதும் கிழிந்து தைத்தீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கனம் தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாருக்கு அறுவை பொருத்தமானது என்ற தேர்வும் முடிவைப் பாதிக்கிறது. ஸ்கேனில் பிதுக்கம் தெரிவதே நோயாகிவிடாது. 1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு டிஸ்காவது பிதுங்கித் தெரிந்தது. கால் வலி முதன்மையாக இருந்து, மரப்பும் வலுக்குறைவும் ஸ்கேனில் காணும் அதே நரம்போடு பொருந்தி வந்தால் அறுவையின் பலன் நன்றாக இருக்கும்; குறுக்கு வலி மட்டும் இருந்தவருக்குச் செய்தால் அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. உங்கள் அண்ணனுக்கு எல்லாமே பொருந்திவருகிறது.

இப்போது அம்மா சொன்ன கட்டில் ஓய்வு. அவர் பாசத்தால் சொல்கிறார். முந்தைய தலைமுறை மருத்துவர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொன்ன காலமும் இருந்தது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அம்மாவை மெதுவாக எடுத்துச்சொல்லி மாற்றியாக வேண்டும். படுத்தே கிடந்தால் முதுகுத் தசைகள் மெலிகின்றன, காலில் இரத்தம் உறையும் ஆபத்து வருகிறது, மலச்சிக்கல் கூடுகிறது, மனம் சோர்கிறது. அறுவைக்குப் பிந்தைய பயிற்சி பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முறையான பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு வலியும் இயலாமையும் விரைவாகக் குறைந்தன என்றும், அதனால் மறு அறுவை கூடவில்லை என்றும் கண்டது. உங்கள் அண்ணன் சரியாக அந்த ஆறாவது வாரத்தில் இருக்கிறார். கட்டிலை விட்டு அவர் இறங்க வேண்டிய நேரம் இது.

நடைதான் முதல் மருந்து. காலையில் வெயில் ஏறுமுன் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று சமதரையில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, ஒரு மாதத்தில் முக்கால் மணி நேரம் வரை கொண்டுவரலாம். நடக்கும்போது குறுக்கில் வரும் இலேசான வலிக்கு அஞ்ச வேண்டியதில்லை; மறுநாள் காலையில் அது அடங்கியிருந்தால் அளவு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் வலி பழையபடி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் அளவு மிஞ்சிவிட்டது. பாதம் தடுக்குவதால், கழன்றுபோகும் ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, பின்வார் உள்ள செருப்பைப் போடச் சொல்லுங்கள். தடுக்கல் அதிகமாக இருந்தால் பாதத்தைத் தூக்கி நிறுத்தும் இலகுவான பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது. நரம்பு மீளும்வரை அதைப் போட்டுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

நடையோடு இரண்டு பயிற்சிகள் போதும், மற்றவற்றை நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியையும் பெருவிரலையும் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குவது ஒன்று. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, மூச்சை அடக்காமல் அடிவயிற்றை உள்ளிறுக்கி, பிறகு இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது மற்றொன்று. தொலைவு காரணமாக மையத்துக்கு வர முடியாதவர்கள், 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு என்பதால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து விசாரியுங்கள். இடுப்பு பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் அதைக் கட்டிக்கொண்டு தசையைச் சும்மா இருக்கவிடுவது நல்லதன்று.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை சிலவே. கட்டிலிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதையும் குத்தவைக்கும் கழிப்பறையையும் முதல் மூன்று மாதம் தவிர்க்க வேண்டும். கழிப்பறையில் வைக்க நாற்காலி போன்ற கமோடு ஸ்டூல் கடைகளில் கிடைக்கிறது. முக்கி மலம் கழித்தாலும் கடுமையாக இருமினாலும் டிஸ்க் மேல் அழுத்தம் ஏறும் என்பதால் கீரையும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். உட்காரும் நேரம் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உட்கார்ந்தால் குறுக்கு வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், இந்த ஒழுங்கு அதற்கே பெரிய பலன் தரும். மருத்துவமனைக்கு நகரப் பேருந்தில் வருவதானால் கடைசி இருக்கையைத் தவிர்த்து முன்பக்கம் உட்காருங்கள். பைக்கில் வேகத்தடை ஏறி இறங்கும் பயணம் இன்னும் சில வாரங்களுக்கு வேண்டாம்.

மனத்தைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பதில் குறைபட்டுவிடும். அச்சத்தால் உடலை அசைக்காமல் வைத்திருப்பவர்களும், மனச்சோர்வில் இருப்பவர்களும், இனி தேறவே மாட்டோம் என்று நம்புகிறவர்களும் மெதுவாகவே தேறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் நன்றாக நிலைபெற்ற உண்மை. கூலி வேலைக்காரர் ஒருவர் வீட்டில் முடங்கும்போது வலியோடு வருமானமும் நின்றுவிடுகிறது. கடன் தந்தவர் வாசலில் வந்து நிற்கிறார். எதிர்வீட்டுக்காரரைக் காட்டி எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஒப்பீட்டை முதலில் வீட்டுக்குள் நிறுத்துங்கள். அவருடைய நரம்பு எட்டு மாதம் நசுங்கிக் கிடந்தது, கடைக்காரருக்கு அப்படி இல்லை. அவர் திரும்பிப் போனது கல்லாப் பெட்டிக்கு, உங்கள் அண்ணன் திரும்ப வேண்டியது லாரிக்கு. தூக்கமில்லாமலும் சாப்பாட்டில் விருப்பமில்லாமலும் இருந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு, அது முதுகுக்கும் உதவும்.

டிஸ்க் மறுபடி பிதுங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வலியில்லாமல் இருந்த கால் திடீரென்று பழைய தடத்திலேயே வலித்து, அது ஒரு வாரமாகியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது: காய்ச்சலோடு குறுக்கு வலி நாளுக்கு நாள் கடுமையாவது, தையல் போட்ட இடத்தில் சீழோ தண்ணீரோ கசிவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, பாதத்தின் வலு முன்பிருந்ததைவிடக் குறைவது. சிறுநீர் கழிக்க முடியாமல் நிற்பதும், ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போவதும் எல்லாவற்றிலும் அவசரமானவை. இரவு இரண்டு மணியானாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை போன்ற, நரம்பு அறுவைப் பிரிவு உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டும். சிறுநீரையும் அந்த இடங்களின் உணர்ச்சியையும் கவனிக்கும் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் அது; அந்த அழுத்தத்தை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டவர்களே நன்றாக மீள்கிறார்கள்.

வேலைக்குத் திரும்புவது பற்றி. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்திலும், கனமான வேலைக்குச் சுமார் மூன்று மாதத்திலும் அனுப்புவது பொதுவான வழக்கம். உங்கள் அண்ணனுக்கு மூன்று மாதம் முடிந்ததும் நேராகச் சும்மாட்டைத் தலையில் வைத்துத் தார் தூக்க வைக்க வேண்டாம். மண்டிக்காரரிடம் பேசி, முதலில் ஒரு மாதம் தார் எண்ணிக் கணக்கெழுதும் வேலை கேளுங்கள். அதன்பின் குதிகால் நடை சரியாக வந்து, பத்து கிலோ அரிசிப் பையை முழங்காலை மடக்கி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வலியில்லாமல் நடக்க முடிந்தால், லாரியின் மேல் நின்று வாங்கி அடுக்குவதைக் காட்டிலும் கீழிருந்து இருவராகச் சேர்ந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கலாம். மேலே நிற்பவர்தான் ஒவ்வொரு தாருக்கும் குனிந்து திரும்ப வேண்டியிருக்கிறது. ஆறாவது மாதத்திலும் பெருவிரலின் வலு கூடவே இல்லையென்றால், நரம்பு மின்னோட்டப் பரிசோதனை தேவையா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டு, எந்த வேலை நிரந்தரமாகப் பொருந்தும் என்பதை அப்போது அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.